பணிப்பாளர் சபைக்கு எந்த எண்ணைக் காட்டுவது?

கேள்வி: ஹட்டனில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் ஐ.டி. பொறுப்பாளராக வேலை செய்கிறேன். ஏழு தோட்டங்கள், நான்கு தொழிற்சாலைகள், எனக்கு உதவிக்கு ஒரே ஒரு தம்பி. அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் தகவல் பாதுகாப்பு மூலோபாயத்தையும் அதன் அளவீடுகளையும் இருபது நிமிடத்தில் சமர்ப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 27001ஐ வைத்து நாற்பது ஸ்லைட் தயாரித்துவிட்டேன். தடுத்த வைரஸ்களின் எண்ணிக்கை, ஃபயர்வோல் அறிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. பொது முகாமையாளர் பார்த்துவிட்டு, “இதெல்லாம் சரி, நாம சேஃபா இல்லையா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சில தோட்ட அலுவலகங்களில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பாவிக்கிறார்கள். அதைச் சபையில் சொன்னால் துரைமார் (தோட்ட முகாமையாளர்கள்) என்னைச் சும்மா விடமாட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் பொது முகாமையாளர் கேட்டதைத்தான் சபையிலும் கேட்பார்கள். வார்த்தை கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே அந்த நாற்பது ஸ்லைடையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் கேள்விக்கு என்ன சொல்லலாம் என்பதிலிருந்து தொடங்குவோம். “ஆம், சேஃப்” என்று எந்தக் கம்பனியாலும் அடித்துச் சொல்ல முடியாது. “இல்லை” என்றால், “அப்போ இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். நீங்கள் சொல்லக்கூடிய பதில் இந்த மாதிரி இருக்க வேண்டும்: “இன்று சம்பள சேர்வர் போனால் மீண்டும் எழும்ப இத்தனை நாள் பிடிக்கும். அதை ஒரு நாளாகக் குறைக்க இவ்வளவு செலவாகும். செலவு செய்வதா, தாமதத்தை ஏற்றுக்கொள்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.” இந்த மூன்று வாக்கியங்களையும் சொல்ல உதவுகிற ஸ்லைடுகளை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

முதலில் மூலோபாயம். அதை ஐ.எஸ்.ஓ. பட்டியலிலிருந்து எழுதத் தொடங்கினால் எந்தக் கம்பனிக்கும் பொருந்துகிற ஒரு ஆவணம்தான் வரும். உங்கள் கம்பனி எதனால் ஓடுகிறது என்று பாருங்கள். மாதம் பிறந்து 10ஆம் திகதிக்குள் சம்பளம் போட வேண்டும். அடுத்து ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். (ஊழியர் சேமலாப, நம்பிக்கை நிதிகள்) பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு வாரமும் கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை போக வேண்டும். அந்த ஏலமே 2020இல் இணையத்துக்கு மாறிவிட்டது. ஆக, தொழிற்சாலையிலிருந்து லொறி புறப்படுவது முதல் தரகரிடம் இன்வொய்ஸ் விபரம் போய்ச் சேருவது வரை ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருடைய ஈமெயிலோ கணினியோ இருக்கிறது. இந்த மூன்றும் நின்றால் கம்பனி நிற்கும். இணையத்தளம் இரண்டு நாள் கிடந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

இந்த வாரமே இரண்டு தோட்டங்களுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரோடு ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். “ஏழாம் திகதி காலையில் இந்தக் கணினி திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். ஒருவர், “செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) புத்தகம் இன்னும் கையால் எழுதுகிறோம், அதைப் பார்த்துச் சம்பளம் போடலாம்” என்பார். இன்னொருவர், “டிஜிட்டல் தராசு வந்ததிலிருந்து புத்தகத்தை விட்டுவிட்டோம்” என்பார். இந்த வித்தியாசம் எந்த ஃபயர்வோல் அறிக்கையிலும் வராது. கையால் எழுதிய புத்தகமும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். அதை மூலோபாயத்தில் எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டாம். புத்தகத்தை விட்டுவிட்ட தோட்டத்தில் வேறு மாற்று வழி என்ன என்பதும் அதே பக்கத்தில் வரட்டும்.

கேட்டு வந்ததை நான்கு வாக்கியங்களுக்குள் அடக்குங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி எழுதுவேன். சம்பள முறைமை எந்த நிலையில் விழுந்தாலும் ஒரு வேலைநாளுக்குள் மீள வேண்டும். ஈமெயிலை மட்டும் நம்பி எந்த வங்கிக் கணக்கு இலக்கத்தையும் மாற்றக்கூடாது. பணம் சம்பந்தப்பட்ட எந்த முறைமையிலும் பொதுவான பாஸ்வேர்ட் இருக்கக்கூடாது. தொழிலாளர்களின் தனிப்பட்ட விபரங்கள் யார் யார் கையில் இருக்கின்றன என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குக் கீழே, இந்த இரண்டு வருடங்களில் என்ன செய்யப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள். இருபத்து நான்கு மணிநேரக் கண்காணிப்பு மையம் வைக்கப்போவதில்லை, ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கு இப்போது போகப்போவதில்லை என்று. சபை அதைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளட்டும். எதையும் விடாமல் எழுதிய மூலோபாயத்தை எவரும் நம்பமாட்டார்கள், அதுவும் இரண்டே பேர் உள்ள ஒரு பிரிவு எழுதினால்.

ஐ.எஸ்.ஓ.வைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. 2022 பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எதையாவது மறந்துவிட்டோமா என்று நீங்கள் தனியாக உட்கார்ந்து சரிபார்க்க அது நல்லது. வெளிநாட்டுக் கொள்வனவாளர் யாராவது சான்றிதழ் கேட்டால் அப்போது முழுதாக இறங்கலாம். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024 பெப்ரவரியில் வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகத்தின் இரண்டாம் பதிப்பில் ஆறு தலைப்புகள் உண்டு: ஆளுகை, இனங்காணல், பாதுகாத்தல், கண்டறிதல், எதிர்வினை, மீட்சி. இதில் ஆளுகை புதிதாகச் சேர்ந்தது. சபை எதற்குப் பொறுப்பு, நீங்கள் எதற்குப் பொறுப்பு என்பதைப் பிரித்துச் சொல்ல அந்தத் தலைப்பு கைகொடுக்கும். நாளைக்கு எந்த வேலையை முதலில் செய்வது என்று தெரிய வேண்டுமென்றால், சி.ஐ.எஸ். கட்டுப்பாடுகள் என்ற பாதுகாப்பு நடவடிக்கைப் பட்டியலின் எட்டாம் பதிப்பை எடுங்கள். மொத்தம் 153 நடவடிக்கைகளில் சிறிய நிறுவனங்கள் முதலில் செய்ய வேண்டியவை என்று 56ஐத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு ஒரு வருட வேலை அதிலேயே இருக்கிறது. இந்தப் பெயர்கள் ஒன்றும் ஸ்லைடில் வர வேண்டியதில்லை. யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இனி அளவீடுகளுக்கு வருவோம். உங்கள் பணிப்பாளர்களுக்கு எண்களைப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் அவுட்டேர்ன் (கொழுந்திலிருந்து கிடைக்கும் தேயிலையின் விகிதம்) பார்த்துப் பழகியவர்கள். சுமார் நான்கரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. அந்த விகிதம் ஒரு வாரம் விழுந்தால் கொழுந்தில் ஈரமா, நிறுவையில் பிழையா, வாட்டும் தட்டில் கோளாறா என்று உடனே கேள்வி வரும். யாரைக் கேட்பது என்பதும் தெரியும். பாதுகாப்பு அளவீடும் அந்த மாதிரி இருக்க வேண்டும். எண் மாறினால் யாராவது எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். “இந்த மாதம் 1,20,000 தாக்குதல்களைத் தடுத்தோம்” என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அது இரட்டிப்பானால் சபை என்ன செய்யும்? பாதியானால்தான் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அந்த எண் ஃபயர்வோல் விற்கிற கம்பனிக்குத்தான் பயன்படும்.

நான் பார்த்த அளவில், பின்னத்தின் மேலேயுள்ள தொகுதியைக் கவனிக்கிற அளவுக்கு யாரும் கீழேயுள்ள பகுதியை, அதாவது மொத்த எண்ணிக்கையை, கவனிப்பதில்லை. “அன்டிவைரஸ் 100 சதவீதம்” என்று ஒரு ஸ்லைட் உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தக் கணக்கில் 100? அன்டிவைரஸ் திரையில் தெரிகிற கணினிகளில் 100. அந்தத் திரையில் வராத கணினிதானே பிரச்சினை! பகுதியை வேறொரு இடத்திலிருந்து எடுங்கள். கணக்குப் பிரிவில் தேய்மானம் போடுவதற்காக ஒரு சொத்துப் பதிவேடு இருக்கும். அதில் எத்தனை கணினி இருக்கிறது என்று பாருங்கள், ரவுட்டரில் எத்தனை கருவி தெரிகிறது என்று பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் தொழிற்சாலையில் தேயிலை இன்வொய்ஸ் அடிக்கிற பழைய விண்டோஸ் 7 கணினி எங்காவது வெளியே வரும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்த கணினிகள் எத்தனை, அவற்றில் பணத்தைத் தொடுகிறவை எத்தனை என்பது சபைக்குப் போக வேண்டிய எண், ஏனென்றால் அதற்குக் காசு கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் மாதிரிச் சிறிய இடத்தில் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 60 கணினியில் 9 சரியில்லை என்றால் “60இல் 9” என்றே எழுதுங்கள். “85 சதவீதம் சரி” என்றால் நல்லாத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று சம்பளக் கணினி என்பது அதற்குள் மறைந்துபோகும்.

சபைக்குப் போகிற எண்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் மீட்பு நேரத்தை வையுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். 2023இல் அரசாங்க ஈமெயில் முறைமைக்கு ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் மென்பொருள்) வந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பேக்கப் இருக்கவில்லை. பணிப்பாளர்களுக்கு அது நினைவிருக்கும். இருபது ஸ்லைட் விளக்கத்தைவிட அந்த ஒரு சம்பவம் போதும்.

மீட்பு நேரத்தை எப்படி அளப்பது என்பதைக் கறாராக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வரும். “சேர்வர் போய்விட்டது” என்று தோட்டத்திலிருந்து போன் வந்த நிமிடத்தில் கடிகாரம் தொடங்குகிறது. இதுவரை நெட்வேர்க்கில் சேராத ஒரு வெற்று லெப்டொப்பை எடுங்கள். பேக்கப் டிஸ்க்கை அது வழமையாக இருக்கிற இடத்திலிருந்தே கொண்டுவர வேண்டும். முதல் நாளே எடுத்து மேசையில் வைத்திருந்தால் அது சோதனையே இல்லை. அந்த டிஸ்க் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டகத்தில் இருந்தால், வழியில் மண்சரிவு வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நம் பாதைகளும் போன்களும் என்ன பாடுபட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடிகாரம் எப்போது நிற்கும்? ஒரு டிவிஷனின் போன மாதச் சம்பளப் பட்டியலை அடித்து எடுத்து, கையொப்பமிட்ட பழைய பட்டியலோடு சதம் பிசகாமல் பெரிய கிளாக்கர் ஒப்பிட்டுப் பார்த்து “சரி” என்று சொல்லும்போது. அந்த “சரி”யைச் சொல்கிறவர் அவர்தான், நீங்கள் இல்லை.

முதல் தடவை செய்யும்போது எதிர்பாராத இடத்தில் இடிக்கும். பேக்கப் நன்றாகவே இருக்கும், ஆனால் சம்பள மென்பொருளின் லைசன்ஸ் பழைய சேர்வரோடு கட்டப்பட்டிருக்கும். புதிதாகத் திறக்கக் கொழும்பிலுள்ள விற்பனையாளர்தான் வர வேண்டும், அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் எடுக்கமாட்டார். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் போன வருடம் விலகிப்போன ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். இவை எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சபைக்கு ஒரே வரி: இலக்கு 8 மணித்தியாலம், சோதனையில் எடுத்தது 31 மணித்தியாலம், அதில் 19 விற்பனையாளருக்காகக் காத்திருந்தது. (எண்கள் உதாரணத்துக்கு, உங்களுடையதைப் போடுங்கள்.) இந்த ஒரு வரியிலேயே என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. விற்பனையாளரோடு பராமரிப்பு ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும். அந்தக் கோரிக்கையை நிதிப் பணிப்பாளர் மறுக்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமே.

இரண்டாவது எண், வங்கிக் கணக்கு மாற்றக் கோரிக்கைகள். “எங்கள் கணக்கு இலக்கம் மாறிவிட்டது, இனி இதற்குப் போடுங்கள்” என்று உர விநியோகத்தர் பெயரில் ஈமெயில் வரும். அவருடைய மெயில் பெட்டிக்குள்ளேயே திருடன் இருந்தால் பழைய உரையாடல் தொடர்ச்சியும் கையொப்பமும் அச்சு அசலாக இருக்கும். இதை எந்த மென்பொருளும் உறுதியாகப் பிடிக்காது. ஏற்கெனவே நம்மிடமுள்ள போன் இலக்கத்துக்கு எடுத்துப் பேசினால்தான் பிடிபடும், ஈமெயிலில் வந்த இலக்கத்துக்கு எடுத்தால் திருடனே “ஹலோ” சொல்வான். மூன்று மாதத்தில் இத்தனை கோரிக்கைகள் வந்தன, இத்தனையைப் போனில் உறுதிப்படுத்தினோம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். இந்த எண் கணக்குப் பிரிவிலிருந்து வருகிறது, அதுவும் நல்லதுதான். பாதுகாப்பு என்பது உங்கள் இருவரின் வேலை மட்டும்தான் என்ற நினைப்பு அதில் கொஞ்சம் கரையும்.

மூன்றாவது, விலகியவர்களின் கணக்குகள். ஆளணிப் பிரிவின் பட்டியலில் விலகியவர்கள், இடம் மாறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்னும் உள்ளே நுழையக்கூடியவர்கள் எத்தனை பேர்? தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுகிறவர்களை இதில் மறந்துவிடாதீர்கள். பழைய தோட்டத்தின் அனுமதியோடு புதியதும் சேர்ந்துவிடும், எடுப்பார் இல்லை.

போலி ஈமெயில் அனுப்பி யார் கிளிக் செய்கிறார்கள் என்று பார்க்கும் சோதனை இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதில் கிளிக் விகிதத்தை நான் சபைக்குக் கொண்டுபோகமாட்டேன். போலி என்று இலகுவாகத் தெரிகிற மாதிரி ஈமெயிலை எழுதினால் எண் குறையும், “சம்பள உயர்வு விபரம்” என்று எழுதினால் எகிறும். எத்தனை பேர் உங்களுக்குத் தகவல் சொன்னார்கள், முதல் ஆள் எத்தனை நிமிடத்தில் சொன்னார் என்று பாருங்கள். உண்மையான தாக்குதல் வரும்போது நமக்குக் கைகொடுப்பது அந்த முதல் ஆள்தான். கிளிக் செய்தவரின் பெயரை எங்கேயும் போட வேண்டாம். போட்டால் அடுத்த முறை யாரும் வாயே திறக்கமாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, ஈ.பி.எஃப். இலக்கம், கைரேகை வருகைப்பதிவு என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் விபரங்கள் உங்களிடம் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைத் தொடுகிறது. கைரேகை மாதிரியான உயிரியல் தரவுக்குச் சாதாரண விபரங்களைவிடக் கூடுதல் கவனம் கேட்கிறது. மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. அமுலாகும் திகதிகளில் திருத்தங்கள் நடந்திருப்பதால், இன்றைய நிலையைக் கம்பனிச் சட்டத்தரணியிடம் எழுத்தில் வாங்கிப் பின்னிணைப்பில் வையுங்கள். சபையில் நீங்களே சட்டம் பேசப் போக வேண்டாம்.

அந்த இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் மட்டும் பேசுங்கள். மிச்சம் அவர்களுடையது. ஐந்து ஸ்லைட் போதும். எது நின்றால் கம்பனி நிற்கும் என்பது முதலில். நான்கு வாக்கிய மூலோபாயமும் செய்யாமல் விடுவதும் அடுத்து. பிறகு மூன்று நான்கு எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இலக்கும் பொறுப்பாளரும். அதன்பின், கையிலுள்ள பணத்துக்கு ஒன்று, கொஞ்சம் கூடுதலாகத் தந்தால் ஒன்று என்று இரண்டு தெரிவுகள், ரூபாயில். லைசன்ஸ் டொலரில் இருந்தால் எந்த மாற்று வீதத்தில் கணக்குப் பார்த்தீர்கள் என்று அடியில் எழுதுங்கள். கடைசியாக, சபை எடுக்க வேண்டிய முடிவுகள். சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள் நிறைந்த இடர் அட்டவணையை நான் வைக்கமாட்டேன். ஏன் இது மஞ்சள், ஏன் சிவப்பில்லை என்ற வாதத்திலேயே பத்து நிமிடமும் போய்விடும். “சம்பளம் எத்தனை நாள் பிந்தினால் தாங்கும்?” என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரு நாள் என்றால் அதற்கு ஒரு விலை, நான்கு நாள் என்றால் வேறு விலை. அவர்கள் சொல்லும் பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் பிடித்துக்கொள்ளக் கூடிய இடம் அதுதான்.

நிதிப் பணிப்பாளரைக் கூட்டத்துக்கு முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். போனிலாவது. எண்களை அவர் முதல் தடவையாகச் சபையில் பார்த்தால், உங்களுக்கு எதிராக இல்லாவிட்டாலும், எச்சரிக்கையாகத்தான் பேசுவார்.

பொது பாஸ்வேர்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதை மறைக்க வேண்டாம், காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். ஸ்லைடில் தோட்டத்தின் பெயர் வரக்கூடாது. “ஏழு தோட்டங்களில் இத்தனையில் பொதுப் பாவனை, இந்தத் திகதிக்குள் தீரும்” என்று மட்டும் வரட்டும். ஆனால் அதற்கு முன் அந்த ஒவ்வொரு பெரியதுரையிடமும் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்: “சேர், இது சபைக்குப் போகிறது, பெயர் இல்லாமல். கூட்டத்துக்கு முன் மாற்றிவிட்டால் உங்கள் தோட்டம் எண்ணிக்கையிலேயே வராது.” கண்ணாடிக்கு அடியில் பாஸ்வேர்ட் எழுதி வைத்திருக்கிற கிளாக்கரிடம் கோபப்படாதீர்கள். நான்கு பேருக்கு ஒரு கணினி, காலையில் ஆறு மணிக்கு வரிசையில் ஆட்கள். ஒவ்வொருவரும் வெளியேறி உள்ளே வர மென்பொருள் மூன்று நிமிடம் எடுக்கும் என்றால் யாராக இருந்தாலும் ஒரே பாஸ்வேர்டைத்தான் பாவிப்பார்கள். அந்த மூன்று நிமிடத்தைக் குறைக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். இயலாது என்றால், இரண்டாவது கணினிக்கான விலையை உங்கள் தெரிவுகளில் சேர்த்துவிடுங்கள்.